கண்ணுக்குத் தெரிகிற இடம்

இடது கை முடிந்தது. வலது கை நாளைக்கு.

ஈரத்துணியை நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள் பூதக்கண்ணாடி. தலைமாட்டு ஸ்டூலில் ஒரு கிண்ணம் வெந்நீர், இன்னொரு கிண்ணத்தில் சோப்பு கரைத்த தண்ணீர், பக்கத்தில் மடித்து வைத்த துணிகள். முகம் துடைத்தாகிவிட்டது. காதுக்குப் பின்னால், கழுத்து, இடது கை, இடது அக்குள். வலது பக்கம் போவதற்குள் கை கனத்துப் படுக்கையில் விழுந்துவிட்டது. அதை மறுபடி தூக்கலாம். தூக்கினால் மத்தியானம் சாப்பிடும்போது கரண்டியைத் தூக்க முடியாது. சாப்பாடா அக்குளா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, துணியை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டாள். வெந்நீரில் நனைத்த துணி நெஞ்சின்மேல் ஆறிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துப் போடவும் யாராவது வர வேண்டும்.

"அரைக்குளியல்" என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். வலது பக்கம் மறுநாள், முதுகு புருஷன் பொறுப்பு, கால்கள் முடிகிறபோது. "ஒரு வாரத்துத் துண்டையெல்லாம் ஒட்டிப் பாத்தா ஒரு ஆள் முழுசா குளிச்சிருப்பா" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். கேட்கிறவர்களும் சிரிப்பதற்குள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

பூதக்கண்ணாடி என்கிற பட்டப்பெயர் ஹோட்டலில் கிடைத்தது. பெரிய ஹோட்டல். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு அவள் மேற்பார்வையாளர். குளியலறைத் தரையில் ஒற்றை முடி, குழாயின் அடிப்பக்கம் காய்ந்துபோன சோப்பு நுரை, கண்ணாடித் தம்ளரின் விளிம்பில் யாரோ ஒருவரின் உதட்டுத் தடம் என்று, மற்றவர்கள் குனிந்து தேடினாலும் கிடைக்காததெல்லாம் அவளுக்கு வாசலில் நின்றபடியே தெரியும். நடைபாதையில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதுமே பெண்கள் தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒதுங்கி, "பூதக்கண்ணாடி வருதுடி" என்று குசுகுசுப்பார்கள். அது அவள் காதிலும் விழும். விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடப்பாள். உள்ளுக்குள் ஜில்லென்று இருக்கும்.

அறைக்குள் வந்ததும் முதல் கேள்வி, "கட்டிலுக்கு அடியில பாத்தியா?" அடுத்தது வாடை. உள்ளேயே நின்றுகொண்டு வாடை பிடிக்கக் கூடாது, மூக்கு பழகி ஏமாற்றிவிடும் என்பது அவள் கட்சி. வெளியே போய் நடைபாதையில் கொஞ்சம் உலாத்திவிட்டு, அறை எடுக்க வந்த புது ஆள் மாதிரி கதவைத் திறந்து முதல் மூச்சை இழுக்க வேண்டும். அந்த முதல் மூச்சு சொல்வதுதான் உண்மை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்களை இப்படி உள்ளேயும் வெளியேயும் நடக்கவிட்டே அழவைத்திருக்கிறாள்.

அவளுக்குக் கட்டோடு பிடிக்காத ஒன்று உண்டு. ஆள் குறைவாக இருக்கிற நாட்களில் பெண்கள் ஒரு தில்லுமுல்லு செய்வார்கள். உள்ளே வருகிறவரின் கண் முதலில் எங்கே விழுமோ அந்த இடங்களை மட்டும் பளபளவென்று துடைத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவது. விரிப்பில் கறை இருந்தால் கறை கால்மாட்டுக்குப் போகிற மாதிரி திருப்பிப் போட்டு மெத்தைக்கு அடியில் செருகிவிடுவது. "மேல்பூச்சு" என்பாள் அதை. "கண்ணுக்குத் தெரியுற எடத்த யார் வேணா துடைப்பாங்க. தெரியாத எடத்துக்குத்தான்டி நமக்குச் சம்பளம்" என்று அவள் போடும் சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்கும்.

இப்போது அவள் பிழைப்பே மேல்பூச்சில்தான் ஓடுகிறது.

வந்தது என்னவோ ஒரு காய்ச்சல்தான். ஹோட்டலில் பாதிப் பேருக்கு வந்தது. எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். இவளுக்கும் காய்ச்சல் போனது. பலம் மட்டும் திரும்பவில்லை. தூங்கி எழுந்தால் தீர்கிற களைப்பு இல்லை இது. ஒரு வேலையைச் செய்கிற நேரத்தில் ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் அடி விழும். கை கால் இரும்பாகக் கனக்கும், தொண்டை வீங்கும், ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தும், அடுத்த வீட்டுக் கதவுச் சத்தம் மண்டைக்குள் இறங்கும். பேச வாயெடுத்தால் வார்த்தை வராது. அளவுக்கு மீறிச் செய்தால் உடம்பு ஒரு படி கீழே போகும். சில தடவை போன இடத்திலிருந்து பழையபடி மேலே வரவே இல்லை. மருத்துவர்கள் இதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, "அது" என்றால் போதும்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் அவன் தொழிலில் வைத்துச் சொன்னால்தான் அவனுக்குப் புரியும். "உள்ள இத்தன ஆளு ஏறலாம்னு ஒரு பலகை ஒட்டியிருப்போம்ல? உன் பலகைய எவனோ மாத்தி எழுதிட்டான். எட்டு ஆளுன்னு இருந்தத ஒரு பூனைன்னு போட்டுட்டான்" என்றான் ஒருநாள். அன்றிலிருந்து அவள் ஏதாவது செய்ய எழுந்தால், "பூனை ஏறிடுச்சு, போதும், கதவ மூடு" என்பான். அவளுக்குச் சிரிப்பு வரும். சிரிப்பதும் ஒரு வேலைதான் என்பதால் கையைக் காட்டி நிறுத்தச் சொல்வாள்.

குளித்தால் அலுப்புத் தீரும் என்பது நமக்கு. அவளுக்குக் குளியலறை மலையேற்றம். எழுந்து உட்கார வேண்டும். உடையைக் கழற்ற வேண்டும். சூட்டிலும் ஆவியிலும் நெஞ்சு படபடக்கும். குனிய வேண்டும், தேய்க்க வேண்டும், துவட்ட வேண்டும், அப்புறம் ஈரம் ஒட்டுகிற உடம்பில் உடையை ஏற்ற வேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடுமை தலைக்குக் குளிப்பது. கை இரண்டும் தலைக்கு மேலே நிற்க வேண்டுமே! கடைசித் தடவை, நுரை வழிகிற தலையோடு ஸ்டூலிலிருந்து சரிந்து தரையில் கிடந்தாள். புருஷன் ஓடிவந்து தண்ணீர் ஊற்றி அலசி, துண்டில் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். கிடந்த இடத்தில் அவள் கண்ணுக்கு நேரே சாக்கடைத் துளையின் ஓரம் பச்சையாகப் பாசி தெரிந்தது. வலியைவிட அதுதான் அன்று அவளை அழவைத்தது. அதற்கப்புறம் தலைக்குத் தண்ணீர் படவே இல்லை.

பல் விளக்குவது படுத்தபடி. பற்பசை நுரையைத் துப்ப ஒரு கிண்ணம். அதற்கும் முடியாத நாட்களில் ஈரத்துணியை விரலில் சுற்றி ஒரு தேய்ப்பு. அதனால் பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மூடி போட்ட நாற்காலி ஒன்று இருக்கிறது, கழிப்பறைக்கு நடக்க முடியாதவர்களுக்கு உண்டான நாற்காலி. அடியில் உள்ள வாளியைப் புருஷன்தான் காலையிலும் மாலையிலும் எடுத்துப் போய்க் கொட்டிக் கழுவி வைக்கிறான். எடுத்துப் போகிறபோது விசிலடிப்பான். மற்ற எந்த வேலைக்கும் அவன் விசிலடித்து அவள் கேட்டதில்லை. எனக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அவளுக்குக் காட்டத்தான் அந்த விசில் என்று அவளுக்குத் தெரியும். அந்த மெட்டைக் கேட்டாலே உடம்பு கூசுகிறது அவளுக்கு. மாதத்தில் அந்த நாட்கள் வந்துவிட்டால் அவனோடு பேச்சையே குறைத்துவிடுவாள். முகம் சுளித்தால் ஒரு சண்டையாவது போடலாம். அவன் ஒருநாளும் சுளித்ததில்லை.

ஹோட்டல் சீருடையோடு கொடுத்த ஊதா ஸ்கார்ஃப் ஒன்று அவள் தலையில் எப்போதும் இருக்கிறது. நெற்றிக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு முடியை ஈர விரலால் படியவைத்து, அதற்குப் பின்னால் ஸ்கார்ஃபை இழுத்துக் கட்டியிருக்கிறாள். முன்னால் பார்த்தால் வேலைக்குக் கிளம்பிய மாதிரியே இருக்கும். பின்னால் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. எப்போதும் மல்லாந்து படுத்திருக்கிற ஆளின் பின்னந்தலையை யார் பார்ப்பது? அவளே ஒரு தடவை விரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தாள். முடி என்று பிரித்தறிய அங்கே ஒன்றும் இல்லை. கட்டியாக, மெழுகுத்துணி மாதிரி ஒரு பிசுக்கோடு, விரலைத் திருப்பி அனுப்பியது. விரலை முகர்ந்தாள். அப்புறம் தொடவில்லை. யார் அறைக்குள் வந்தாலும் கை மட்டும் தானாகத் தலைக்குப் போய் ஸ்கார்ஃபின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொள்ளும். கை தூக்க முடியாத நாளிலும் அதற்கு மட்டும் எங்கிருந்தோ பலம் வரும்.

தெருமுனைச் செருப்புக் கடையில் வேலை பார்க்கிற நாத்தனார் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். புருஷனின் தங்கை, வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் கிடையாது. ஒருநாள் பூதக்கண்ணாடி அவளைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"நெசத்தச் சொல்லு. நாறுறேனா?"

"போங்க அண்ணி. ஊர்க்காரன் சாக்ஸையெல்லாம் மோந்துட்டு வர்றேன், எனக்குப் போயி..."

"மழுப்பாத. இங்கயே நின்னா தெரியாது. வெளிய போ. வாசக்கதவு வரைக்கும் போயிட்டு வா."

நாத்தனார் போனாள். கூடத்தைக் கடந்து வாசல்வரை நடந்து, கொஞ்சம் நின்று, திரும்பி வந்து கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தாள். கட்டிலில் கிடந்தவள் அந்த மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம்" என்றாள் நாத்தனார்.

"எங்க?"

"தலைதான் அண்ணி. ஸ்கார்ஃப அவுத்துக் காட்டுங்க, நான் பாக்கறேன். சிக்கெடுக்க முடியலேன்னா ஒட்ட வெட்டிடலாம். வெட்டினா வளராதா என்ன?"

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

வெட்டுவதென்றாலும் முதலில் ஒருவர் அதைப் பார்த்தாக வேண்டும். இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள். ஒவ்வொரு வாரமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வெளியாட்கள் யாராவது பார்க்க வருவதாக இருந்தால் அவள் செய்கிற காரியம் வேடிக்கையானது. முதல் வருஷம் ஹோட்டல் பெண்கள் பழங்களும் பூக்களுமாக வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் பல நாள் அசையாமல் கிடந்து பலத்தைச் சேர்த்து, அவ்வளவையும் ஒரு குளியலில் கொட்டி, துவைத்த உடையும் வாரிய தலையுமாக நாற்காலியில் உட்கார்ந்து அவர்களை வரவேற்றாள். "அக்கா, ஜம்முனு இருக்கீங்க! லீவு நல்லா ஒத்துக்கிச்சு போல" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள். அவர்கள் படியிறங்கியதும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தூக்கிப் போனார்கள். அப்புறம் வெகுநாள் எழுந்திருக்கவில்லை. அதை அந்தப் பெண்கள் பார்க்கவில்லை. அவளைக் குளிக்காத நாளில் பார்த்த வெளியாள் ஒருவரும் கிடையாது. அதனால் அவள் நோயைப் பார்த்த வெளியாளும் கிடையாது.

இதே காரியத்தை அவள் காப்பீட்டு அலுவலக மருத்துவரிடமும் செய்துவைத்தாள். ஹோட்டல் அவளுக்கு விடுப்பைத் தொடர வேண்டுமென்றால் அந்த மருத்துவர் பார்த்து, இவரால் வேலை செய்ய முடியாது என்று சொல்ல வேண்டும். அப்போது அவள் வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்தாள். போகிற அன்று தலைக்குக் குளித்தாள், இஸ்திரி போட்ட உடை உடுத்தினாள், லேசாகப் பவுடர் போட்டுக்கொண்டாள். "அண்ணி, நாம என்ன பொண்ணு பாக்கவா போறோம்?" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கேட்கவில்லை. நோயாளி என்றால் நாறிக்கொண்டு போக வேண்டும் என்று சட்டமா?

மருத்துவர் நல்ல மனிதர். நிமிர்ந்து பார்த்தார். "பாத்தா நல்லாத்தானே இருக்கீங்கம்மா" என்றார்.

"தேங்க்ஸ் டாக்டர்" என்றாள் பூதக்கண்ணாடி.

அவருடைய கேள்விக்கு அதுதான் பதில் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அவளுக்கோ அவர் தன்னைப் பாராட்டியதாகத்தான் காதில் விழுந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு அந்நியர் அவளைப் பார்த்து நல்லா இருக்கீங்க என்கிறார்! வீடு வருகிறவரை அதில் குளிர்ந்துபோய் வந்தாள். உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தபோதுதான் புரிந்தது. துண்டுகளும் விரிப்புகளும் அடுக்கி வைக்கும் அறையில் ஒரு நாற்காலி போட்டு, வருவதையும் போவதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த வாரம் முடிவதற்குள் துண்டுக் குவியலுக்குப் பின்னால் விழுந்து கிடந்தாள். அவளைக் கண்டு நடுங்கிய பெண்கள்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். சுவரைப் பிடித்து நடந்ததும் அன்றோடு போனது. இப்போது கட்டில், நாற்காலி, கட்டில்.

இந்த வியாழக்கிழமை மறுபடி அதே மருத்துவர். இந்தத் தடவையும் நல்லாத்தானே இருக்கீங்க என்று அவர் சொல்லிவிட்டால் வேலைக்குப் போக வேண்டும், போகாவிட்டால் வேலையே போய்விடும். வேலை போனால்கூடச் சமாளிக்கலாம் என்கிறான் புருஷன். அவன் பயம் வேறு. இவள் வீம்புக்காரி, போ என்றால் போய் நிற்பாள். இன்னொரு தடவை விழுந்தால் கரண்டி தூக்குகிற கையும் மிஞ்சாது.

புதன்கிழமை மத்தியானம் அவனும் நாத்தனாரும் கட்டிலின் இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்த விதத்திலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"நாளைக்குக் குளிக்க வேணாம்" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "துடைக்கக்கூட வேணாம். இப்படியே போவோம்."

"இப்படியேன்னா?"

"இப்படியே."

அவள் ஸ்கார்ஃபின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள்: "நாறிக்கிட்டுப் போயி ஒரு ஆம்பள முன்னாடி உக்காரச் சொல்றீங்க. அங்க எத்தன பேர் இருப்பாங்க? எல்லாருக்கும் மூக்கு இருக்கு."

"போன தடவ குளிச்சிட்டுப் போயித்தான்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"சொல்லுங்க. நான்தான் கெடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க."

"அப்படிச் சொல்லல."

"எனக்கே தெரியும்." அவள் மூச்சு வாங்கினாள். "உடம்புல இருந்து எல்லாம் போயிடுச்சு. இது ஒண்ணுதான் என் கையில இருக்கு. இதையும் விட்டுட்டு நான் என்னான்னு போயி நிப்பேன்?"

நாத்தனார்தான் வாயைத் திறந்தாள். "அண்ணி, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? உங்க பொண்ணுங்க கண்ணாடியையும் கொழாயையும் மட்டும் துடைச்சு வச்சா என்ன பண்ணுவீங்க?"

"தோல உரிச்சிடுவேன்."

"நீங்க போன தடவ அதத்தானே பண்ணீங்க?"

பூதக்கண்ணாடி அவளைப் பார்த்தாள். ஹோட்டலில் இப்படி ஒருத்தி பேசியிருந்தால் அன்றைக்கே வேறு மாடிக்கு மாற்றியிருப்பாள். பார்வையை விட்டத்துக்குத் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் கண்ணோரம் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கப் போன புருஷனின் கையைத் தட்டிவிட்டாள்.

"ஸ்கார்ஃப் இருக்கட்டும்" என்றாள் கடைசியில். "அத மட்டும் கேக்காதீங்க."

அதில் யாரும் கை வைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை, புருஷன் சக்கர நாற்காலியை எடுத்துவரக் கீழே போன நேரத்தில், ஸ்டூலில் இருந்த குடிதண்ணீரில் படுக்கை விரிப்பின் முனையை நனைத்து முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டுவிட்டாள். நெற்றி முடியைப் படியவைத்துக்கொண்டாள். திருட்டுத்தனம்தான். அவன் வந்து பார்த்தான். ஈர முனையையும் பார்த்தான். அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்தான். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, காதுக்குப் பஞ்சு.

லிஃப்டில் இரண்டாவது மாடியில் ஒருவர் ஏறினார். நல்ல காலை வேளை, குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பியவர். கதவு மூடியதும் அவர் தோள்கள் லேசாக மேலே ஏறி அங்கேயே நின்றன. மூச்சைப் பிடிக்கிறவர்களுக்குத் தோள் இப்படித்தான் ஏறும் என்று எத்தனையோ அறை வாசல்களில் பார்த்துத் தெரிந்துகொண்டவள் அவள். கீழே வருகிறவரை அந்தத் தோள்கள் இறங்கவில்லை. அவள் மடியில் இருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். செத்துப்போகலாம் போலிருந்தது.

அலுவலகத்தில் காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கொஞ்ச நேரத்தில் கைப்பையை எடுத்துக்கொண்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். மரியாதை தெரிந்தவள், ஜன்னல் காற்றுக்காகப் போனவள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். பூதக்கண்ணாடி தலையைப் பின்னுக்குச் சாய்த்து விட்டத்தைப் பார்த்தாள். மூலையில் ஒட்டடை. மின்விசிறி இறக்கையின் ஓரம் கறுப்பாகத் தூசி. அந்த நிலையிலும் கண் சும்மா இருக்கவில்லை.

"இங்க யாரு செக்கிங்கு?" என்று கேட்டாள், புருஷனுக்கு மட்டும் கேட்கும்படி.

"நீ வேலைக்கு வர்றேன்னு போயிச் சொல்லவா?" என்றான் அவன். அவள் உதடு கொஞ்சம் அசைந்தது.

மருத்துவர் அறை சின்னது. ஜன்னல் சாத்தியிருந்தது. அதே மனிதர்; கண்ணுக்குக் கீழே முன்னைவிடச் சுருக்கம். முன்னால் குவிந்திருந்த காகிதங்களை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"பரவால்ல டாக்டர்" என்றாள் அவள்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். பின்னால் நின்ற புருஷன் நாற்காலிப் பிடியை அழுத்துவது அவள் முதுகுக்குத் தெரிந்தது.

மருத்துவர் அவளைப் பார்த்தார். துடைத்த முகம். படிந்த நெற்றி முடி. சுருக்கமில்லாமல் கட்டிய ஊதா ஸ்கார்ஃப். அவர் கண் போன வழியெல்லாம் அவள் கண்ணும் போனது. ஒவ்வொரு இடமும் அவள் கை பட்ட இடம்தான்.

"முகம் தெளிவாத்தான் இருக்கு" என்றார். "சக்கர நாற்காலி வெளிய போக வர மட்டும்தானே? வீட்டுக்குள்ள உங்க வேலைய நீங்களே பாத்துக்கறீங்கல்ல? குளிக்கறது, தலை வாரறது, இதெல்லாம்?"

"சார்" என்றான் புருஷன். "அவ தலைகூட..."

அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. சொன்னால் பிழைப்பாள் என்று அவனுக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதும் தெரியும். அவன் அவளைப் பார்த்தான். மருத்துவரும் அவளைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஸ்கார்ஃப் தலையிலேயே இருக்கும், மானத்தோடு வீட்டுக்குப் போகலாம், அடுத்த வாரம் துண்டு அடுக்குகிற அறைக்குப் போகலாம். மருத்துவர் பேனாவை எடுத்தார்.

"இருங்க" என்றாள் பூதக்கண்ணாடி.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோனாள். முடிச்சு இறுகியிருந்தது, விரல்கள் நழுவின. உதவ வந்த புருஷனுக்குத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். கையைக் கீழே இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி கொண்டுபோனாள். முடிச்சு அவிழ்ந்தது. ஸ்கார்ஃப் தோளில் சரிந்து மடியில் விழுந்தது. சாத்திய அறையில் வாடை எழுந்தது. மருத்துவரின் தோள்கள் லேசாக மேலே ஏறின. அவள் அதைப் பார்த்தாள்.

"முன்னாடி பாக்காதீங்க டாக்டர்" என்றாள். இந்தத் தடவை வாயை மறைத்துக்கொள்ளவில்லை. "முன்னாடி நான் துடைச்சு வச்சிருக்கேன். பின்னாடி பாருங்க. இவர்கூடப் பாத்ததில்ல."

முகவாய் நெஞ்சில் இடிக்கிறவரை தலையைக் குனிந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது, மருத்துவர் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். காலடி பின்னால் வந்து நின்றது. புருஷன் மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விடாமல் நின்றது அவளுக்குக் கேட்டது. கழுத்து நடுங்கியது. நிமிரவில்லை.

வலது கை மட்டும் பழக்கதோஷத்தில் தானாக எழுந்து பின்னந்தலையை மறைக்கப் போனது. பாதி வழியில் இடது கை அதன் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து இறக்கி, மடியில் கிடந்த ஸ்கார்ஃபின்மேல் வைத்து, அழுத்திக்கொண்டது.